எட்டுக் கிலோ வித்தியாசம்: விசைத்தறிக் குடும்பம் ஒன்றில் காசநோய் இறப்பும் புதிய நோயாளிகளும்

இங்கே விவரிக்கப்படும் நிகழ்வு, பல்லடம் – சோமனூர் வட்டாரத்து விசைத்தறித் தொழிலாளர்களிடையே காணப்படும் ஒத்த நிகழ்வுகளின் கூறுகளை இணைத்து, கலந்தாய்வுக்காக அமைக்கப்பட்டது. வயது, உறவுமுறை, ஊர் ஆகியவை யாரையும் அடையாளம் காட்டாதபடி மாற்றப்பட்டுள்ளன. மருத்துவ அளவுகளும் அவை நிகழும் வரிசையும் இந்த வட்டாரத்தில் காசநோயைக் கவனிப்பவர்களுக்குப் பழக்கமானவையே. காசநோயால் ஒருவர் இறந்தால் அது இறப்புக் கணக்கில் ஒன்றாகவும், அவர் வீட்டில் இன்னொருவருக்கு நோய் கண்டறியப்பட்டால் அது புதிய நோயாளிகள் கணக்கில் ஒன்றாகவும் தனித்தனியே எழுதப்படுகின்றன. இந்த நிகழ்வில் அவ்விரண்டு பதிவுகளுக்கும் காரணம் ஒரே தாமதம்தான் என்பதால் அவற்றைச் சேர்த்தே ஆராய வேண்டியிருக்கிறது.

நோயாளியும் பின்னணியும்

51 வயது ஆண். கூலிக்குத் தறி ஓட்டுபவர். ஒரு ஷிப்டுக்கு எட்டுத் தறிகளைப் பார்த்துக்கொள்பவர். தறிக்குடோனை ஒட்டிய லைன் வீட்டில் மனைவி, மகன், மருமகள், மூன்று வயதுப் பேரக்குழந்தை ஆகியோருடன் குடியிருந்தார். மகனும் அதே குடோனில் தறி ஓட்டுகிறார். நோயாளிக்கு நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையைக் கையில் இருந்தால் போடுவார், தீர்ந்துவிட்டால் சில வாரங்கள் விட்டுவிடுவார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர் தெருவுக்கு வரும் பகல் நேரத்தில் இவர் ஒன்று தறியில் நிற்பார், அல்லது இரவு ஷிப்டு முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். பீடிப் பழக்கம் இளவயது முதலே இருந்தது. சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் மது அருந்துவார்.

குடோனின் காற்றோட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று பாவு நூலை அலைக்கழிக்கும் என்பதற்காக மேற்குப் பக்கத்து ஜன்னல்களை அடைத்துவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் சாரல் படும் என்று மறுபக்கத்தையும் அடைத்துவிட்டால், பன்னிரண்டு மணி நேரம் அதே காற்றைத்தான் உள்ளே இருப்பவர்கள் மாற்றி மாற்றிச் சுவாசிக்கிறார்கள். தறிச் சத்தத்தில் ஒருவரோடொருவர் பேச வேண்டுமானால் காதருகே வாயை வைத்துக் கத்த வேண்டும். காசநோய்க் கிருமி இருமலிலும் பேச்சிலும் தெறிக்கும் நுண்துளிகளில் ஏறிக் காற்றில் மிதந்து பரவும் என்பதால், தொற்றுக்கு இதைவிடச் சாதகமான இடத்தைத் திட்டமிட்டுக் கட்டினாலும் அமைக்க முடியாது.

பஞ்சுத் தூசிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகி இருமல் வரும் பஞ்சுநோயை, பைசினோசிஸ் என்ற பெயர் தெரியாவிட்டாலும், பஞ்சில் வேலை செய்பவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். அந்தத் தூசி காசநோயை உண்டாக்குவதில்லை. ஆனால், இருமல் என்பது இந்தத் தொழிலோடு பிறந்தது என்ற எண்ணத்தை உண்டாக்கிவிடுகிறது. நோயாளியின் மனைவி அதை இப்படிச் சொன்னார்: "பஞ்சுக்குள்ள நிக்கறவிங்க இருமாம இருப்பாங்களாங்க? குடோன்ல எல்லாருக்கும் இருக்கற இருமலுதானுங்கனு உட்டுட்டமுங்க."

நோய் கண்டறியப்படும் வரை

ஐப்பசி தொடக்கத்தில் இருமல் ஆரம்பித்தது. இரண்டாவது வாரத்தில் மாலைக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. மழைக்காலம் என்பதால் அதைச் சளிக்காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப்பில் இருந்த மெடிக்கலில் மாத்திரை வாங்கினார். வீட்டில் மிச்சமிருந்த அட்டைகளைப் பின்னர் பார்த்தபோது அவற்றில் லீவோஃப்ளாக்சசினும், ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும், இருமல் டானிக்கும் இருந்தது தெரிந்தது. லீவோஃப்ளாக்சசின், மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தரப்படும் கூட்டு மருந்துகளில் ஒன்று. சாதாரணச் சளிக்கு என்று அதைத் தனியாக ஐந்து நாள் கொடுத்தால் காசநோய்க் கிருமிகளின் எண்ணிக்கை சற்றுக் குறைந்து காய்ச்சல் தணியும். நோயாளி குணமாகிவிட்டதாக நினைப்பார். சளிப் பரிசோதனையிலும் கிருமி தப்பிவிடக்கூடும். ஸ்டீராய்டோ பசியையும் தெம்பையும் தற்காலிகமாகக் கூட்டிவிட்டு, சர்க்கரையை ஏற்றி, எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். இவ்விரண்டும் சேர்ந்த ஒரு பொட்டலம், சர்க்கரை நோயுள்ள காசநோயாளிக்குச் செய்யும் தீங்கு பெரிது. அதை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

லீவோஃப்ளாக்சசின் 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணையில் அடங்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது; விற்கும்போது மருத்துவரின் பெயரையும் நோயாளியின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பதிவேடு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால், ஒரே ஆள் ஒன்றரை மாதத்தில் மூன்று முறை இருமலுக்கு இதே மருந்தை வாங்கியது அதிலேயே தெரிந்திருக்கும். கடைக்காரர்களைக் குற்றவாளிகளாக்குவது இந்த ஆய்வின் நோக்கமன்று. தறி ஓட்டுபவர் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். மெடிக்கல் இரவு பத்து மணி வரை திறந்திருக்கும். 2019–21-ல் நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பில், அறிகுறி இருந்தவர்களில் ஏறத்தாழ 64 சதவீதத்தினர் மருத்துவ உதவி எதையும் நாடவில்லை. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முதலிடம் பெற்றது அறிகுறியைப் பொருட்படுத்தாததுதான். பணம் இல்லை என்றவர்கள் மிகச் சிலரே. நாம் இலவச மருந்தைப் பற்றிச் செய்யும் விளம்பரம் அந்தச் சிலருக்கானது. இருமலைப் பொருட்படுத்தாத பெரும்பான்மையோரிடம் அது போய்ச் சேர்வதில்லை.

கார்த்திகை மாத முடிவில் சட்டை தொளதொளத்துப் போனது. கேட்டவர்களுக்குச் "சுகர் எளைக்க வெச்சிருச்சு" என்று குடும்பத்தினர் பதில் சொன்னார்கள். அது பொய்யல்ல, அவர்கள் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் காசநோய் என்ற பேச்சு எழுந்தால் மருமகளின் தங்கைக்குப் பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தம் தட்டிப்போகும் என்ற பயமும் உள்ளே இருந்தது. மார்கழிக் கடைசியில் சளியில் இரத்தம் வந்தது. அன்றுதான் நகரத்திலிருந்த ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றார்கள்.

கண்டறியப்பட்ட நாள்

எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரல்களின் மேற்பகுதியிலும் குழிகள் தெரிந்தன. கிளினிக் மருத்துவர் உடனே ஐயப்பட்டு, சளியை வட்டார அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார். கிருமியின் மரபணுவைத் தேடும் ட்ரூநாட் சோதனையில் கிருமி இருப்பது உறுதியானது. முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமியிடம் எதிர்ப்புத் திறன் இல்லை என்றும் தெரிந்தது. மறுநாளே அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்ஷயில் பெயர் பதிவாகி, நான்கு மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரை வழங்கப்பட்டது. இது வரைக்குமான வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை பதிவுப் படிவத்தில் இருந்தது. எடை என்ற கட்டத்தில் 45 என்று எழுதப்பட்டிருந்தது. அது மிஷினில் பார்த்த எடையன்று. "எடை எவ்வளவுங்ண்ணா?" என்று கேட்ட பணியாளரிடம், "நாப்பத்தஞ்சு இருக்கும் கண்ணு" என்று அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்கள். தீபாவளிக்கு முன் குடோனில் நூல் மூட்டை எடைபோடும் தராசில் விளையாட்டாக ஏறி நின்றபோது அது காட்டிய எண் அவர் நினைவில் இருந்தது. உண்மையான எடை 37 கிலோ என்பது ஆறாம் நாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இந்த எட்டுக் கிலோ வித்தியாசம் ஏன் ஒருவர் கண்ணிலும் படவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த ஆய்வில் நான் முக்கியமாகக் கருதுவதும் அதைத்தான். காசநோய்க் கூட்டு மாத்திரைகள் எடைப்பிரிவின்படி தரப்படுகின்றன. 35 முதல் 49 கிலோ வரை உள்ள பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று மாத்திரை. 45 கிலோவானாலும் 37 கிலோவானாலும் மாத்திரை மூன்றுதான். ஆகவே மருந்தின் அளவு சரியாகவே இருந்தது. மருந்து வழங்கும் இடத்தில் இருந்த எந்தச் சரிபார்ப்பாலும் இந்தத் தவறைப் பிடித்திருக்க முடியாது. ஆனால் 164 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 45 கிலோ என்றால் உடல் நிறைக் குறியீட்டெண் 16.7, 37 கிலோ என்றால் 13.8. முதல் எண் மெலிந்த ஒரு நோயாளியைக் குறிக்கிறது. இரண்டாவது, அன்றைக்கே படுக்கையில் சேர்க்க வேண்டிய ஆளைக் குறிக்கிறது.

இப்படிச் சேர்க்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் எழுதி வைக்கப்பட்ட நடைமுறை. தேசிய நோய்ப்பரவு இயல் நிறுவனத்தின் துணையோடு 2022-ல் சென்னை நீங்கலான மாவட்டங்களில் தொடங்கப்பட்ட காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் கண்டறியப்பட்டவுடன் ஒவ்வொரு பெரியவரிடமும் சில அளவுகளைப் பார்க்கச் சொல்கிறது. குறியீட்டெண் 14 அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, காலில் வீக்கத்தோடு 16 அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு வாங்கினாலோ, ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இருந்தாலோ, பிடிமானமின்றி நிற்க முடியாவிட்டாலோ, அவர் தீவிர நோயாளி. உள்நோயாளியாகச் சேர்த்து மதிப்பிட வேண்டியவர். எக்ஸ்ரேயும் வேண்டாம், இரத்தப் பரிசோதனையும் வேண்டாம். எடை மிஷினும், உயரக் கோலும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும், கைக்கடிகாரமும் போதும். இந்த அளவுகளை உள்ளிட்டால் அந்த நோயாளி இறப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று கணித்துச் சொல்லும் வசதியும் 2025-ல் திட்டத்தின் கணினிச் செயலியில் சேர்க்கப்பட்டது. தீவிர நோயாளிகளுக்கு அந்த வாய்ப்பு 10 முதல் 50 சதவீதம் வரை. மற்றவர்களுக்கு 1 முதல் 4 சதவீதம் மட்டுமே.

நிற்க முடிகிறதா என்ற கேள்விக்குப் படிவத்தில் "முடியும்" என்று இருந்தது. பைக்கில் மகனுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தவரை, இறங்கியதும் தாங்கிப் பிடித்து நாற்காலியில் அமர்த்தினார்கள். எல்லாக் கேள்விகளும் அவர் நாற்காலியில் இருந்தபோதே கேட்கப்பட்டன. எழுந்து நிற்கச் சொல்லி ஒருவரும் பார்க்கவில்லை. தெம்பு போய்விட்டது என்று வேற்றாள் முன்னால் ஒப்புக்கொள்ளும் வழக்கம் நம் ஊர் ஆண்களிடம் இல்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கேள்விக்கு வாய்வழிப் பதில் வாங்குவதில் பயனில்லை.

இரண்டாம் நாள் முதல் ஒன்பதாம் நாள் வரை

நோயின் பெயர் தெரிந்ததும் வீட்டில் அக்கறை பெருகியது. பொங்கல் நாள்களும் சேர்ந்துகொள்ளவே, ஆட்டுக்கால் சூப்பு, முட்டை, குளுக்கோஸ் கலந்த தண்ணீர், நெய் விட்ட பொங்கல் என்று, பசி இல்லை என்றவரை வற்புறுத்தி ஊட்டினார்கள். மெலிந்தவருக்குச் சாப்பாடு கொடுப்பது தவறாக முடியும் என்று எந்தக் குடும்பமும் நினைக்காது. ஆனால் பல வாரம் பட்டினிக்குப் பழகிய உடலுக்குத் திடீரென்று மாவுச்சத்து ஏறும்போது இன்சுலின் சுரந்து, இரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றை உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொள்ளும்; அவை இரத்தத்தில் குறைந்தால் இதயத்துடிப்பும் மூச்சுத் தசைகளும் தடுமாறும். தயமின் (வைட்டமின் பி1) குறைபாடும் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அதனால்தான் கடும் மெலிவுக்கு மருத்துவமனையில் எஃப்-75 போன்ற, 100 மில்லிக்கு 75 கலோரி மட்டுமே உள்ள பால் கலவையைச் சிறிது சிறிதாகத் தொடங்குகிறார்கள். உடல் அதற்கு ஈடுகொடுத்த பிறகே உணவு கூட்டப்படுகிறது. நீண்ட நாள் மது அருந்தியவருக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

ஆறாம் நாள் காசநோய்த் திட்டத்தின் முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளர் எடை மிஷினுடன் வீட்டுக்குச் சென்றார். எடை 37, ஆக்சிஜன் 91, மூச்சு 28, இரண்டு கணுக்கால்களிலும் விரலால் அழுத்தினால் குழி விழும் வீக்கம், சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. திட்டத்தின் எல்லா அளவுகோல்களின்படியும் அவர் தீவிர நோயாளி. 108-ல் ஏற்றி அன்று மாலையே மாவட்டத் தலைமை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கு சர்க்கரை 380, பொட்டாசியம் குறைவு. ஆக்சிஜனும் இன்சுலினும் தயமினும் தொடங்கப்பட்டன. உணவு எஃப்-75-க்கு மாற்றப்பட்டது. எட்டாம் நாள் சற்றுத் தெளிந்து, தறி எண்களைச் சொல்லி மகனிடம் ஏதோ விசாரித்தார். ஒன்பதாம் நாள் அதிகாலை மூச்சுத் திணறி இறந்தார்.

பிரேதப் பரிசோதனை செய்யப்படவில்லை. நுரையீரலின் பெரும்பகுதி அழிந்திருந்ததா, துணைத்தொற்று ஏற்பட்டதா, உணவு மாற்றத்தால் தாது உப்புகள் சரிந்தனவா என்று பிரித்துச் சொல்ல இயலாது. மூன்றும் கலந்திருக்கும் என்பதே என் கணிப்பு. முதல் நாளிலேயே சேர்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அடித்துச் சொல்லவும் இயலாது. ஆனால் மருந்து தொடங்கிய பின் நிகழும் காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே நிகழ்கிறது; மருந்து கிருமிகளில் பெரும்பகுதியைக் கொல்ல எடுத்துக்கொள்ளும் அந்தக் காலம் வரை உடலைத் தாங்கிப் பிடிப்பதற்குத்தான் படுக்கை தேவைப்படுகிறது. இவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய அந்த நாள்களில் முதல் ஐந்து, ஒரு தவறான எடையால் பறிபோயின.

படுக்கை பற்றிய பழைய விவாதம்

கொங்கு நாட்டு வாசகர்களுக்கு இந்தப் பேச்சு புதிதன்று. பெருந்துறையில் இன்று மருத்துவக் கல்லூரி இருக்கும் வளாகம் ஒரு காலத்தில் காசநோய் சானடோரியமாக இருந்தது. அந்தப் பகுதியை இன்றும் ஊரார் சானடோரியம் என்றே சொல்கிறார்கள். வறண்ட காற்றும் ஓய்வும் சத்தான உணவும்தான் சிகிச்சை என்றிருந்த காலத்து ஏற்பாடு அது. 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், 193 நோயாளிகளை வீட்டுச் சிகிச்சை, சானடோரியச் சிகிச்சை என்று இரண்டாகப் பிரித்து ஓராண்டு கவனித்தது. நெருக்கடியான வீட்டில் குறைந்த உணவோடு இருந்தவர்களும் மருந்து ஒழுங்காகப் போட்டால் சானடோரியத்தில் இருந்தவர்களோடு ஒப்பிடத்தக்க பலனைப் பெறுகிறார்கள் என்று அது 1959-ல் வெளியிட்ட முடிவு, உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையைப் படுக்கையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. இலட்சக்கணக்கானோர் வேலையையும் குடும்பத்தையும் விட்டுப் பிரியாமல் குணமானது அந்த ஆய்வின் பயன்.

அந்த முடிவு சரியானதே. ஆனால் அது ஒரு கூட்டத்தின் சராசரியைச் சொன்ன முடிவு. வீட்டுச் சிகிச்சை போதும் என்பது காலப்போக்கில் எல்லோருக்கும் வீட்டுச் சிகிச்சை என்ற பழக்கமாக இறுகிப்போய், எழுந்து நிற்க முடியாதவரையும் மாத்திரை அட்டையோடு வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தில் கொண்டுவந்து விட்டது. அதே தமிழ்நாடு இப்போது தீவிரமானவர்களை மட்டும் பிரித்தெடுத்துப் படுக்கைக்குக் கொண்டுவரும் முறையை முன்வைத்திருப்பது சென்னை ஆய்வுக்கு எதிரானதாகாது. அந்த ஆய்வு தொடாமல் விட்ட இடத்தை நிரப்பும் வேலையே இது.

உணவின் பங்கைப் பற்றி இனி ஐயத்துக்கு இடமில்லை. ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளின் குடும்பங்களில் நடத்தப்பட்டு 2023-ல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது; வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் கூடுதல் உணவு கொடுத்த குடும்பங்களில் புதிய காசநோய் ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் வரை குறைந்தது. மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயாகக் கொடுத்துவந்த ஊட்டச்சத்து உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்தது. அது நோயாளி ஒருவருக்கான தொகை. அவர் வீட்டில் இருந்ததோ ஐந்து பேர். சம்பாதித்தவர்களில் ஒருவர் படுத்துவிட்டார்.

வீட்டிலும் குடோனிலும்

இறப்புக்குப் பின் வீட்டாரைப் பரிசோதிப்பது சங்கடமான வேலை. காரியம் முடியும் வரை பொறுத்து, பிறகு எல்லோரையும் எக்ஸ்ரேக்கு அழைத்துவந்தார்கள். மகனுக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை. "எனக்கு என்னங்க, நான் நல்லாத்தான இருக்கறன்" என்று மறுத்தவர், தாயின் வற்புறுத்தலால்தான் வந்தார். அவருடைய எக்ஸ்ரேயில் வலது மேற்பகுதியில் நிழல் தெரிந்தது. சளியில் கிருமி உறுதியானது. தேசியக் கணக்கெடுப்பில் உறுதிசெய்யப்பட்ட நோயாளிகளில் 42.6 சதவீதத்தினர், எக்ஸ்ரே எடுத்திருக்காவிட்டால் தப்பிப் போயிருப்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போவது, மகனைப் போன்ற நூற்றுக்கு நாற்பது பேரைக் கடந்து போவதாகும்.

மனைவிக்கும் மருமகளுக்கும் நோய் இல்லை என்று உறுதியான பின் வாரம் ஒருமுறை வீதம் பன்னிரண்டு வாரத் தடுப்பு மருந்து தொடங்கப்பட்டது. குழந்தைக்கு ஐசோனியசிட் என்ற தடுப்பு மருந்து, ஆறு மாதத்துக்கு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூளைக்காசம் போன்ற கொடிய வடிவங்கள் வரும் அபாயம் அதிகம். நோயில்லாத பிள்ளைக்கு எதற்கு ஆறு மாதம் மருந்து என்று மருமகளின் பெற்றோர் கேட்டார்கள்; அந்தக் கேள்விக்கு ஒரு தடவை பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டால் இரண்டாம் மாதத்தில் மருந்து நின்றுபோகும். ஒவ்வொரு முறை மருந்து கொடுக்கும்போதும் சொல்ல வேண்டும்.

குடோன் முதலாளி எக்ஸ்ரே வண்டிக்கு முதலில் சம்மதிக்கவில்லை. டிபி என்ற செய்தி பரவினால் ஆள்கள் வேறு குடோனுக்குப் போய்விடுவார்கள் என்பது அவர் கவலை. ஆள் பற்றாக்குறை உள்ள தொழிலில் அது அர்த்தமற்ற கவலையும் அன்று. நெஞ்சகப் பரிசோதனை முகாம் என்று பொதுவாகப் பெயரிட்டு, ஷிப்டு மாறும் காலை நேரத்தில் மட்டும், பக்கத்துக் குடோன்களையும் சேர்த்துக்கொள்வது என்ற உடன்பாட்டின் பேரில் ஒப்புக்கொண்டார். தார் சுற்றும் வேலையில், அதாவது ஊடை நூலைச் சிறு கட்டைகளில் சுற்றும் வேலையில், இருந்த பெண் ஒருவருக்கு நோய் கண்டறியப்பட்டது. முகாமில் கிடைத்த இன்னொரு செய்தி: முந்தைய புரட்டாசியில் இதே குடோனில் வேலை செய்த வயதான தொழிலாளி ஒருவர் நெடுநாள் இருமலுக்குப் பின் தம் சொந்த ஊரில் இறந்திருக்கிறார். அவருக்குச் சளிப் பரிசோதனை நடக்கவே இல்லை. இந்தத் தொற்றுச் சங்கிலியின் தொடக்கம் அவராக இருந்திருக்கலாம். இனி நிறுவ வழியில்லை.

எண்களைப் படிக்கும் முறை

மருத்துவமனையில் இறந்தவர், சிகிச்சைக் காலத்தில் எந்தக் காரணத்தால் இறந்தாலும் திட்டத்தின் கணக்கில் காசநோய் இறப்பாகவே பதிவாவார். புரட்டாசியில் இறந்தவரோ எந்தக் கணக்கிலும் இல்லை. அதாவது நோயைக் கண்டுபிடிக்கும் மாவட்டத்தில் இறப்பு எண் கூடுதலாகவும், கண்டுபிடிக்காத மாவட்டத்தில் குறைவாகவும் தெரியும். புதிய நோயாளிகள் எண்ணிக்கையும் அப்படியே. இந்த வட்டாரத்தில் அந்தக் காலாண்டில் கூடிய இரண்டு பெயர்களும் எக்ஸ்ரே எடுத்ததால் வந்தவை. எக்ஸ்ரே எடுக்காவிட்டாலும் நோய் இருந்திருக்கும், பதிவேடு மட்டும் சுத்தமாக இருந்திருக்கும். கூட்டங்களில் எண் கூடிவிட்டது என்று கீழ்நிலைப் பணியாளரைக் கடிந்துகொள்ளும் வழக்கம் எங்கே இருக்கிறதோ, அங்கே சுத்தமான பதிவேடுகள்தான் உற்பத்தியாகும்.

திருப்பூர் மாவட்டத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 24.8 இலட்சம், அதன் பின் கணக்கெடுப்பு முடிக்கப்படாத நிலையில், பனியன் கம்பெனிகளுக்கும் தறிகளுக்கும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பகுதிகளிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் நோயாளிகள் பட்டியலில் இருக்கிறார்கள், வீதம் காண வகுக்கும் எண்ணான மக்கள்தொகையில் இல்லை. இலட்சத்துக்கு இத்தனை என்று வரும் வீதத்தை வைத்து இந்த மாவட்டத்தை இன்னொன்றோடு ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம். கோவையின் வார்ப்படப் பட்டறைகளில் மணல்தூசியால் சிலிக்கோசிஸ் வந்தவர்கள், சங்ககிரி, நாமக்கல் பக்கத்தில் மாதத்தில் பாதி நாள் சாலையில் இருக்கும் லாரி ஓட்டுநர்கள், வால்பாறைத் தோட்டத் தொழிலாளர்கள் ஆகியோரின் காசநோய்க்கு வெவ்வேறு காரணங்கள் உண்டு; மாவட்டச் சராசரியில் அவை எல்லாம் கரைந்துபோகின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் இந்தியாவில் இலட்சம் பேருக்குப் புதிய காசநோய் 2015-ல் 237 ஆக இருந்து 2024-ல் 187 ஆகவும், இறப்பு 28-லிருந்து 21 ஆகவும் குறைந்தன. 2025-க்குள் இறப்பை 75 சதவீதம் குறைப்பது உலக இலக்கு; நாம் குறைத்தது 25 சதவீதம். மருந்து நம்மிடம் இருக்கிறது, சோதனைக் கருவி ஆரம்ப சுகாதார நிலையம் வரை வந்துவிட்டது. அப்படியும் இறப்பு இந்த அளவுக்கே குறைந்திருப்பதற்கான விடையில் ஒரு பகுதியாவது, எடை மிஷினில் ஏற்றப்படாமல் வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளிகளிடம் இருக்கிறது.

தற்போதைய நிலை

தந்தையின் நிகழ்வுக்குப் பின், அந்த வட்டாரத்தில் தனியார் கிளினிக்குகளில் கண்டறியப்படும் நோயாளிகளையும் மருந்து கொடுக்கும் முன் மேற்பார்வையாளரே எடைபோட்டு, எழுந்து நிற்கச் செய்து பார்த்து, எண்ணைத் தம் கையெழுத்தோடு எழுத வேண்டும் என்று இறப்புத் தணிக்கைக் கூட்டத்தில் முடிவாயிற்று. கேட்டுத் தெரிந்துகொண்ட எடையை ஏற்க வேண்டாம் என்பதும் அதில் அடங்கும். மெடிக்கல் கடைகளின் எச்1 பதிவேட்டை மருந்து ஆய்வாளரோடு சேர்ந்து பார்ப்பது என்ற யோசனை எழுதப்பட்டிருக்கிறது, நடைமுறைக்கு வரவில்லை.

மகன் இரண்டு மாதம் நான்கு மருந்துகளை முடித்தார். சளியில் கிருமி இல்லை. எடை மூன்று கிலோ கூடியிருக்கிறது. இப்போது மூன்று மருந்துகளுடன் தொடர் சிகிச்சையில் இருக்கிறார், பகல் ஷிப்டுக்கு மட்டும் போகிறார். தார் சுற்றும் பெண்ணின் சிகிச்சையும் தடையின்றி நடக்கிறது. தந்தையோடு அடுத்தடுத்த தறிகளில் நின்ற ஒடிசாத் தொழிலாளி, காய்ச்சல் என்று மார்கழியிலேயே ஊருக்குப் போய்விட்டவர். அவரது செல்போன் எண்ணை உடன் தங்கியிருந்தவர்களிடம் வாங்கி, அவர் ஊர் மாவட்டக் காசநோய்ப் பிரிவுக்கு விவரம் அனுப்பப்பட்டிருக்கிறது. அங்கிருந்து பரிசோதனை முடிவு வரும் வரை இந்த நிகழ்வின் கோப்பை மூடக் கூடாது என்று குறிப்பு எழுதப்பட்டுள்ளது.